எது ஆபத்து?

"பயப்படாமச் சொல்லுங்கம்மா. இந்த இடத்துல உங்களுக்கு எதெல்லாம் ஆபத்துன்னு தோணுது?"

அதிகாரி கேட்டதும், தீப்பெட்டிக்குள் குச்சி அடைத்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் சற்றே நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கின. ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தத் தீப்பெட்டி ஆபீசுக்கு இப்படியொரு மனுசர் வந்து வேலுத்தாய் பார்த்ததே இல்லை. கசங்காத சட்டை, அதட்டாத பேச்சு.

கணக்கப்பிள்ளை மாயகிருஷ்ணன்தான் அவரைக் கூட்டிவந்து நிறுத்தினான். "சார் மெட்ராஸ்லருந்து வந்திருக்காரு. ஆபீஸ்ல பாதுகாப்பு எப்படி இருக்குன்னு பாக்கணுமாம். கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுங்க."

"நீங்க போங்க. நீங்க நின்னா இவங்க பேச மாட்டாங்க" என்று அதிகாரி அவனை அனுப்பிவிட்டார். அவனும் மறுபேச்சில்லாமல் போய்விட்டான்.

அதிகாரி நிதானமாகச் சுற்றிவந்தார். மணல் வாளிகளில் மணல் இல்லை, குப்பைதான் கிடந்தது. தீமருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைக் காயவைக்கும் சட்டங்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டு கூரை வரைக்கும் நின்றன. ஒன்றைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். விரலில் ஒட்டிய மருந்தைக் கழுவ, யாரிடமும் கேட்காமல், கொட்டகைக்குப் பின்னால் மறைவில் இருக்கும் குழாய்க்குப் போய்த் திரும்பினார்.

வேலுத்தாய் குச்சி அடைத்தபடியே சட்டங்களின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவள் தங்கை அமுதவள்ளி, வயிற்றுப் பிள்ளையோடு, அந்தச் சட்டங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தது பின்கதவு. அதில் எப்போதும் பூட்டுத் தொங்கும்.

போன ஆடியில் ஒரு சட்டம் உரசித் தீப்பிடித்தபோது எல்லாரும் முன்வாசலில் முட்டி மோதி வெளியே வந்து விழுந்தார்கள். பெத்தம்மாள் மட்டும் பின்கதவுக்கு ஓடினாள். அது திறக்கவில்லை. இரண்டு கையும் வெந்துபோய் வீட்டோடு கிடக்கிறாள். அடுப்பு வெடித்ததென்று ஆஸ்பத்திரியில் சொல்லச் சொன்னார் முதலாளி காசிராஜன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வேலுத்தாய் மடியில் கிடந்த பெட்டிகளை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

"யக்கா, பேசாம இரு" என்று அமுதவள்ளி இடுக்கு வழியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வெரட்டி விட்டுட்டாவன்னா எங்கன போவோம்? மழ பேஞ்சு காட்டு வேலையா கெடக்கு?"

போக்கிடம் இல்லைதான். வெளியே போனால் பட்டினி. உள்ளே இருந்தால் என்றைக்கோ ஒருநாள் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், அந்தக் கதவுதான்" என்றாள் வேலுத்தாய். குரல் அவளுக்கே வேற்றாள் குரல்போலக் கேட்டது. "பெட்டியக் களவாண்டு போயிருவோம்னு பூட்டி வச்சிருக்காவ. தீப்பிடிச்சா அந்தப் பக்கம் இருக்கவ வெந்துதான் சாகணும். பெத்தம்மாக்கா கைய வந்து பாருங்க சார். அடுப்பும் வெடிக்கல, ஒண்ணும் வெடிக்கல. இங்கனதான் வெந்துச்சு."

அதிகாரி குறுக்கே பேசவில்லை. தலையசைத்துத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"கேக்க ஒரு ஆளு வந்தாத்தான சார் சொல்லுததுக்கு?"

"இனிமே யார் வந்து கேட்டாலும் இதேமாதிரி சொல்லுவீங்களா? மாத்திப் பேசிட மாட்டீங்களே?"

"உசுரு போற காரியம். யாரு கேட்டாலும் சொல்லுவேன் சார். பெத்தம்மாக்காவையும் கூட்டியாந்து நிறுத்துவேன்."

அதிகாரி சிரித்தார். "உங்க பேரு?"

"வேலுத்தாய்."

"வாங்க வேலுத்தாயம்மா. உங்க முதலாளிகிட்டயே போய்ப் பேசிடுவோம். நான் இருக்கேன்ல?"

அவர் முன்னே போக, அவள் பின்னே போனாள். வெயிலில் முற்றத்தைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் பெண்கள் தலையைத் தூக்கியிருந்தார்கள். அமுதவள்ளிகூட எழுந்து முன்வாசலுக்கு வந்து நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பூட்டு கழன்றுவிடும் என்று வேலுத்தாய்க்குத் தோன்றியது. முதுகு தானாக நிமிர்ந்தது.

முதலாளி அறையில் காசிராஜன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். வேலுத்தாய் வாசலை ஒட்டி நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே வந்த மாயகிருஷ்ணன், உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். மேசையில் முதலாளிக்காக வைத்திருந்த செம்பை எடுத்து, அண்ணாந்து தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் அவளைச் சுட்டிக் காட்டினார்.

"மாமா, நெசமான ஆபீசர் வாரன்னைக்கு இவ மட்டும் இங்கன இருக்கக் கூடாது."