தொண்ணூற்றேழு சதவீதம்

ஆம்பூர் போலீஸ் ஸ்டேஷனின் மர நாற்காலிகூட அன்று கங்காதரனுக்கு மெத்தையாக இருந்தது. எதிரே ஹஸன் தலை குனிந்து நின்றான்.

ஒரு தோலில் துண்டு வீணாகாமல் எத்தனை ஷூவுக்கு வெட்டலாம் என்று மெஷினுக்குச் சொல்லித் தரும் சாஃப்ட்வேர் கங்காதரனுடையது. பேரணாம்பட்டு வரை அதற்குக் கிராக்கி. அவரிடம் வேலை பார்த்த ஹஸன் போன மாதம் விலகி, அதே மாதிரி ஒன்றைக் கம்மி விலைக்கு விற்கத் தொடங்கிவிட்டான்.

"நானே எழுதுனது சார். ஆறு மாசம் சரியா சோறு தின்னல. இவன் அப்படியே அள்ளிக்கினு போய்ட்டான்!" என்றார் கங்காதரன், இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரத்திடம்.

"ரெண்டையும் பாருங்க சார். புரோகிராமுக்குள்ள ஒரு பேராவது ஒத்துப்போவுதா?" ஹஸன் முனகினான்.

இன்ஸ்பெக்டர் வேலூரிலிருந்து வரவழைத்த நிபுணர் பூர்ணிமா லேப்டாப்பைத் திறந்தாள்.

"பேரை மாத்தி ஏமாத்த முடியாது சார். புரோகிராமைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற கம்பைலர் லைப்ரரி ஒண்ணு இருக்கு. அதை பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழியில இருந்து கூப்பிட்டா, புரோகிராமை டோக்கன் டோக்கனா பிரிச்சுக் குடுத்துடும்."

"டோக்கனா? ரேஷன் கடையில குடுப்பாங்களே, அதுவா?"

"வாக்கியத்தை வார்த்தை வார்த்தையா பிரிக்கிற மாதிரி சார். பேரை ஒதுக்கிட்டு, டோக்கன் வர்ற வரிசையை மட்டும் பார்ப்பேன். காப்பி அடிச்சிருந்தா மாட்டிக்கும்."

திரையில் வரிகள் சரசரவென ஓடி நின்றன.

"ரெண்டும் தொண்ணூத்தேழு சதவீதம் ஒண்ணு சார்!"

கங்காதரன் துள்ளி எழுந்தார். "திருட்டுன்னு எழுதுங்க மேடம்!"

"கண்டிப்பா எழுதுறேன் சார். இவ்ளோ ஒத்துப்போனா அது திருட்டுதான்."

என்ன நிதானம், என்ன தெளிவு! இந்தப் பெண்ணையே வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார் கங்காதரன்.

"ஆனா சார், காலையில உங்க புரோகிராமைப் பார்த்ததும் எங்கியோ பார்த்த ஞாபகம். என் பழைய மெயில்ல தேடி, அதையும் ஒப்பிட்டேன். நூறு சதவீதம் ஒண்ணு."

"இன்னா மெயிலு?"

பூர்ணிமா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏழு வருஷம் முன்னாடி நான் உங்க கம்பெனியில வேலை கேட்டப்ப, டெஸ்ட்டுன்னு ஒரு புரோகிராம் எழுதி அனுப்பச் சொன்னீங்களே சார், 'இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை'ன்னு பதில்கூட போட்டிருக்கீங்க பாருங்க."