வலி விட்ட நேரத்துச் சண்டை

"கேட்டியே கொலின்ஸ்? பிள்ளை பெறுகிற இடத்திலயும் உன்ர அம்மா வாயை மூடுறா இல்லை!"

மனைவியின் அக்கா வேணுஜா சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. ஆஸ்பத்திரி வாங்கிலில் குந்தியிருந்த கொலின்சுக்குப் பிரசவ அறைக் கதவுக்கு இந்தப் பக்கமே எல்லாம் கேட்டது.

"முருங்கன் ஆக்களுக்கு வயலைத் தெரியும், வாய்க்காலைத் தெரியும். மீன் கறி தெரியுமோ? நீ வைக்கிற திருக்கைக் கறியை எங்கட பேசாலையில பூனையும் மோந்து பாக்காது!" அது அவன் அம்மா யசிந்தா.

"உங்கட மகன் சட்டியை வழிச்சு வழிச்சுத் திண்டவர். அவரைக் கேளுங்கோ மாமி!" அது அவன் மனைவி சுவேதினி.

பக்கத்து வாங்கிலில் இருந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கொலின்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

மூத்தவளை ஒப்பறேசன் செய்துதான் எடுத்தது. இந்த முறை நோமலாகத்தான் பெறுவேன், செத்தாலும் வெட்ட விடமாட்டேன் என்று சுவேதினி ஒற்றைக்காலில் நின்றாள். டொக்டரும் சரி என்றா. பழைய தையல் பெரும்பாலும் தாங்கும், தாங்காவிட்டால் உடனே வெட்டத்தான் வேண்டும், அதற்கு ஒப்பறேசன் தியேட்டர் ஆயத்தமாக இருக்கும் என்றும் சொல்லிவைத்தா.

துணைக்கு ஒரு பொம்பிளைதான் உள்ளே போகலாம். வேணுஜா பையைத் தூக்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டு போய்விட்டா. போய் என்ன செய்கிறா? சண்டை!

உள்ளே சுவேதினி முனகினாள். முனகல் அலறலாக மாறியது. அந்த நேரம் அம்மாவின் சத்தமே இல்லை. வலி அடங்கியதுதான் தாமதம், திரும்பவும் தொடங்கினா.

"உன்ர கலியாணத்தில உங்கட சித்தப்பா பந்தியில இருந்து எழும்பினவரோ? சமையல்காரனே பயந்து போனான்!"

"உங்கட தம்பி குடிச்சுப்போட்டுப் பந்தல்காலைப் பிடுங்கினது மறந்துபோச்சோ?"

"பாத்தியே!" வேணுஜா எழும்பிவிட்டாள். "வலி வரேக்க கத்தினாலும் பரவாயில்லை. பிள்ளை ஆறுற நேரம் பாத்துப் பாத்துக் குத்துறா. இடையில ஆறினாத்தானே அடுத்த வலிக்குத் தெம்பு வரும்? உதெல்லாம் ஒரு மனுசியே?"

கொலின்சுக்கும் பொறுக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினான். திறந்த கதவு நீக்கலுக்குள் அம்மாவின் முகம் தெரிந்தது. வியர்த்து ஊத்தியிருந்தது.

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்கோவன். இல்லாட்டி வெளியில வாங்கோ, அக்கா போகட்டும்."

"உன்ர அலுவலைப் பார்!" கதவு முகத்தில் அடித்ததுபோலச் சாத்துப்பட்டது.

"சுவேதினி, உன்ர மனிசன் உனக்குப் பரிஞ்சு பேச வந்திட்டான். அவனை நல்லா முந்தானைக்குள்ள முடிஞ்சு வைச்சிருக்கிறாய், என்ன?"

பதில் வரவில்லை.

"என்னடி, வாயைக் காணேல்லை?"

அதற்கும் பதில் இல்லை.

"மிஸ்ஸீ! டொக்டரைக் கூப்பிடுங்கோ! ஓடியாங்கோ!"

அம்மாவின் குரல் அப்படி உடைந்து கொலின்ஸ் கேட்டதேயில்லை. நேர்ஸ்மார் ஓடினார்கள். தள்ளுகட்டில் ஒன்று அவனைத் தாண்டித் தியேட்டருக்குள் போனது. அதில் கிடந்த சுவேதினி கண்ணைத் திறக்கவில்லை.

அம்மாவை வெளியே அனுப்பினார்கள். வேணுஜா பாய்ந்தாள்.

"இப்ப சந்தோசமே மாமி? சண்டை பிடிச்சுப் பிடிச்சே அவளின்ர சீவனை எடுத்தாச்சு. வெட்டக்கூடாது எண்டு எவ்வளவு ஆசையா இருந்தவள்!"

ஊரையே வாயால் மடக்குகிற அம்மா தியேட்டர்க் கதவையே பார்த்துக்கொண்டு வாங்கிலில் இருந்தா. கொலின்ஸ் அந்த வாங்கிலை விட்டு எழும்பிப் போய் யன்னலோடு நின்றான். அவனுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே விருப்பமில்லை.

தியேட்டர்க் கதவு திறந்தது. டொக்டர் மாஸ்க்கை இறக்கினா.

"பெடியன். தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பழைய தையல் விடத் தொடங்கியிட்டுது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேரும் இல்லை." பிறகு சுற்றிப் பார்த்தா. "அந்தச் சண்டைக்கார மாமி எங்க?"

"இவதான்!" கோள் சொல்லுகிற மாதிரி வேணுஜா கையைக் காட்டினாள்.

டொக்டர் போய் அம்மாவின் கையைப் பிடித்தா.

"வலி விட்ட நேரத்திலயும் முதல் வெட்டின இடத்தில நொந்தா உடன சொல்லச் சொல்லிச் சுவேதினிக்கு எத்தினை தரம் சொன்னனான். கடைசிவரைக்கும் எங்களிட்ட 'நோகேல்லை, நோகேல்லை' எண்டுதான் சொன்னவ. நீங்கள் எப்பிடியம்மா கண்டுபிடிச்சனீங்கள்?"

அம்மா கண்ணைத் துடைத்தா.

"நோகுதோ எண்டு கேட்டா, வெட்டிப்போடுவியள் எண்ட பயத்தில அவள் பொய் சொல்லுவாள், டொக்டர். ஆனா உடம்புக்கு ஏலுமெண்டா, என்ர வாய்க்குப் பதில் சொல்லாம ஒருநாளும் விடமாட்டாள்."