ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு டயர்

மழை நாளில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்து கணவர் போய்ச் சேர்ந்ததிலிருந்து, அவருடைய பெரிய பைக் பூட்டிய ஷெட்டில்தான் நிற்கிறது. சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அப்படியும் பின் டயரை மாற்றி மாற்றி அவளுக்கு அலுத்துவிட்டது. இந்த முறையும் சக்கரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு டயர் கடைக்கு வந்தாள்.

கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்தார். "நடுவுல புதுசு மாதிரியே இருக்கு. இடது ஓரம் மட்டும் மொட்டையாயிருச்சு. இப்படிச் சாய்ச்சு யாரும்மா ஓட்டுறாங்க?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுக்கியிருந்த புது டயர்களைப் பார்த்தாள்.

"வழக்கம்போல நாள்பட உழைக்கிறதே போடட்டுமா? ஈரத்துல ரோட்டை நல்லா பிடிக்கிறதுன்னா சீக்கிரம் தேஞ்சிரும்."

"தேஞ்சா தேயட்டும்ண்ணே. பிடிக்கிறதே போடுங்க," என்றாள். "காலையில ஷெட்டைத் திறந்து பாத்தேன். வண்டியோட இடது பக்கமெல்லாம் புதுக் கீறல், ஈரச் சேறு. நேத்து மழையில மறுபடியும் விழுந்திருக்காரு."