ஏரி வரை வந்த விருந்தாளி

தேசியப் பூங்காவின் உச்சியில் உள்ள ஏரிக்கு அன்று காலையில் கிளம்பியவர்கள்: ஒரு பெண் கடமான், அதன் முதுகில் ஒரு மைனா, பின்னங்காலில் ஓர் அட்டை. ஆக மூன்று பேர். அட்டையை யாரும் கூப்பிடவில்லை.

"அத்தை, கொஞ்சம் மெதுவா நடங்க. குலுங்கினா என்னால குடிக்க முடியலை," என்றது அட்டை.

கடமான் மெதுவாக நடந்தது. கால் நமநமவென்று அரித்தது.

"ஒரு உதறு உதறுங்களேன்," என்று மைனா காதில் சொன்னது.

"சேச்சே, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவனை எப்படி எழுப்புறது?"

"அப்படியே வீட்டுக்கும் வந்துடுவான். அங்கே உங்க குட்டி இருக்கு."

கடமானுக்குப் பயம் வந்தது. ஆனாலும் உதறவில்லை.

ஏரிக்கரையை அடைந்தபோது அட்டை திராட்சைப் பழம் மாதிரி உப்பியிருந்தது. "வயிறு நிறைஞ்சுபோச்சு அத்தை. இங்கேயே இறங்கிக்கவா? இல்லே, வீட்டுக்கு வந்து குட்டியையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போகவா?"

யார் கேட்டாலும் "வாயேன்" என்று சொல்லியே பழகியது கடமான். ஆனால் அப்போது அது குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்க வழியில்லை.

"குடிங்க, நிறுத்தாதீங்க!" என்று மைனா கத்தியது.

கடமான் நிறுத்தவே இல்லை. தாகம் தீர்ந்த பிறகும் குடித்தது. பதிலுக்குக் காத்திருந்து சலித்த அட்டை, கடைசியில் தானே நழுவி ஈரப் புல்லில் விழுந்தது.

கடமான் தலையை நிமிர்த்தி, அப்போதுதான் ஏரியைப் பார்த்தது. எவ்வளவு பெரிய ஏரி!

இறக்கத்தில் அது துள்ளிக்கொண்டே போனது. சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஏரிக்கரையில் மிச்சம் ஒருவர்.