கொண்டை போட்டால்தான் மேடை

மூணே மூணு முடிக்காக ஆறு வயசுக் குழந்தையை வாசலோடு திருப்பி அனுப்புகிறவரை என்னவென்று சொல்வது?

மும்பை மாதுங்காவில் சின்னக் குழந்தைகளுக்கு பாலே நடனம் சொல்லிக்கொடுக்கும் சாருலதா டீச்சர் அந்த ரகம். கிளாஸ் தொடங்குமுன் சீப்பும் ஹேர்பின் டப்பாவுமாக ஹால் வாசலில் நின்றுவிடுவார். பூ கூடாது. பின்னல் கூடாது. இழுத்து வாரி, உச்சியில் கொண்டை போட்டு, மேலே வலை மாட்டியிருக்க வேண்டும்.

"முகத்துல ஒரு முடி விழப்படாது. கழுத்து பூராத் தெரியணும். சுத்தும்போது கண்ணுல முடி விழுந்தா குழந்தை தடுமாறி விழுந்துடும். இதான் என் ரூல்."

போன வாரம் அந்த மூணு முடிக்காக வெளியே போனவள் சாதனா. செம்பூரிலிருந்து காரில் வருகிற சுஷ்மாவின் மகள். பாத்ரூம் குழாயில் தண்ணீர் தொட்டு மகளின் தலையைப் படிய வாரிய சுஷ்மாவுக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இன்று சனிக்கிழமை, கடைசி ஒத்திகை. நாளை சயானில் பெரிய மேடையில் ஆண்டுவிழா. பன்னிரண்டு குழந்தைகளும் மழைத்துளிகளாக ஆட வேண்டும்.

பதினோரு கொண்டைகள் உள்ளே போயாயிற்று. பன்னிரண்டாவதாக வந்த தங்கமயில் தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"துண்டை எடு."

எடுத்தாள். பளபளவென்று மொட்டை. அதில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

உள்ளேயிருந்து குழந்தைகள் மொட்டையைக் கேலி செய்து இந்தியில் கத்தின. "டக்லி! டக்லி!"

தங்கமயில் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா சங்கரேஸ்வரி, தாராவியில் தையல் மெஷினில் உட்காருகிறவள்.

"என்ன இது?" என்றார் டீச்சர்.

"புள்ளைக்கு டெங்கு வந்துச்சுல்லா டீச்சர், ரெண்டு வாரம் கிளாசுக்குக்கூட வரல்லியே. ஆஸ்பத்திரியில கெடந்தப்போ எங்க சாஸ்தாவுக்கு நேந்துக்கிட்டேன். பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போயி முடி எறக்கிட்டு, நேத்துதான் வந்து எறங்குனோம்."

"விழா நாளைக்குன்னு தெரியுமோல்லியோ?"

"தெரியும் டீச்சர். சாமிகிட்ட தவணை கேக்க முடியுமா?"

மற்ற அம்மாக்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுஷ்மா எழுந்து வந்துவிட்டாள். இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தாள்!

"டீச்சர், என் பொண்ணை மூணு முடிக்கு வெளியில அனுப்பினேளே! கொண்டை போட்டாத்தான் மேடைன்னா எல்லாருக்கும் அதே ரூல்தானே?"

"ஆமாம். எல்லாருக்கும் அதே ரூல்தான்."

"ஒரு மொட்டை நடுவுல நின்னா மொத்த வீடியோவும் போச்சு. வேணும்னா தாதர்ல விக் கிடைக்கும். இல்லைன்னா கடைசி வரிசையில, ஓரமா..."

"விக்கெல்லாம் வேண்டாம். ஆடறபோது கழண்டு விழும்."

"அப்ப அவளை விட்டுடுங்கோ. பதினோரு துளி போதும். அரே, மழையில யார் எண்ணப்போறா?"

மற்ற அம்மாக்கள் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

சங்கரேஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"டீச்சர், புள்ள பொழைச்சது பெருசா, கொண்டை பெருசா? முடி இன்னும் ஆறு மாசத்துல வளந்துரும். நான் செஞ்சது தப்புன்னு எந்தச் சபையிலயும் சொல்ல மாட்டேன். கெஞ்சவும் மாட்டேன்."

"நானும் ரூலை மாத்த மாட்டேன்" என்றார் டீச்சர். "இருபது வருஷமா யாருக்காகவும் மாத்தினதில்லை."

"அப்ப சரி. ஷூவக் கழட்டுட்டி. வா, போவோம்."

தங்கமயில் தரையில் உட்கார்ந்தாள். ஜுரத்தில் படுத்திருந்தபோதும் தலையணைக்கடியில் வைத்திருந்த ரோஸ் கலர் ஷூ அது. ஒன்றைக் கழற்றிவிட்டாள். அடுத்ததற்குக் கை போகவில்லை. சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

சுஷ்மா திருப்தியாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். ரூல் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"யார் உன்னை ஷூவைக் கழட்டச் சொன்னா?"

டீச்சரின் குரல் ஹாலுக்கே கேட்டது. சீப்பையும் ஹேர்பின் டப்பாவையும் ஜன்னலில் வைத்துவிட்டு வந்து குனிந்து, கழற்றிய ஷூவை அவரே மாட்டிவிட்டார். அப்புறம் அந்தச் சந்தன மொட்டையில் கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவிப் பார்த்தார். நெற்றி, காது, பிடரி எல்லாம் பார்த்தார். எப்போதும் நடக்கிற அதே பரிசோதனைதான்.

"கொண்டையெல்லாம் முடி இருக்கறவாளுக்கு. என் ரூல் என்ன? முகத்துல ஒரு முடி விழப்படாது, கழுத்து பூராத் தெரியணும். இந்த வருஷம் பூரா நான் பாத்ததுல, அதைத் துளி பிசகில்லாம செஞ்சுண்டு வந்திருக்கறது இவ ஒருத்திதான். தங்கமயில், எழுந்திரு. முதல் வரிசையில, நடுவுல போய் நில்லு."

"அது சாதனா நிக்கற இடம்!" சுஷ்மா பதறி எழுந்தாள்.

டீச்சர் ஜன்னலிலிருந்த சீப்பை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சாதனாவுக்குக் காதுகிட்ட ரெண்டு முடி தொங்கறது. வெளியில அழைச்சிண்டு போய்ச் சரி பண்ணிண்டு வாங்கோ."