பூச்சுக்கு அடியில் ஒரு ரேகை

1967. கரும்புத் தீவின் குட்லண்ட்ஸ் ஊர்ப் பட்டறையில், காற்றை உறிஞ்சிவிட்டுப் பொன்பூச்சு ஏற்றும் இயந்திரத்திலிருந்து கோயிலின் வேல் வெளியே வந்தது. பளபளப்புக்கு அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை!

“வெறுங்கையால தொட்டது யாரு?” மேஸ்திரி கத்தினார்.

வேலை இயந்திரத்துக்குள் பொருத்திய மருதை, வலக்கைக் கட்டைவிரலை மடக்கி மறைத்துக்கொண்டான். பூச்சுக்கு முன் துடைத்து வைப்பவள் என்பதால் காமாட்சிக்கு அன்றே வேலை போயிற்று.

தைப்பூசத்தன்று கோயிலில் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தவள் காமாட்சி. வலக்கையை வேட்டி மடிப்பில் மறைத்து, மருதை இடக்கையை நீட்டினான்.

“ஆயோ அண்ணே, சாமி பிரசாதத்துக்கு இடக்கையா? அந்தக் கையையே நீட்டுங்க. ரேகைக்குக் குறுக்கே ஓடுற கரும்புக் கத்தித் தழும்பை நான் அன்னிக்கே பார்த்துட்டேன்.”

“அப்போ ஏன் சொல்லல?”

“நான் ஒண்டிக்கட்டை. உங்களுக்கு நாலு பிள்ளைங்க.”