குகைக்குள்ள போன கரடி

எழுத்தே இல்லாத படப் புத்தகத்தை ஒரு அப்பா கடைக்குத் திருப்பிக் கொண்டு வர்றார்னு ஆரம்பிச்சாலே, உங்கள்ல பாதிப் பேர், "பாவம், அவருக்குப் படிக்கத் தெரியாது போல"ன்னு கர்சீப்பைத் தேடுவீங்க.

உள்ள வைங்க. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில மேனேஜர். பாலிசியில இருக்கிற பொடி எழுத்தைக்கூட கண்ணாடி இல்லாமப் படிப்பார்.

"ஏம்மா, அட்டை டு அட்டை ஒரு வரி கிடையாது. அச்சடிக்க மறந்துட்டீங்களா?"

"இது அப்படித்தான் சார். படத்தைப் பார்த்துக் குழந்தையே கதை சொல்லும்"னாங்க கடைக்காரம்மா.

"கதையை இவளே சொல்றதுன்னா புத்தகம் எதுக்கு? எழுத்து இருக்கிறதாக் குடுங்க. தெனமும் ராத்திரி இவளுக்குக் கதை சொல்றவன் நான். என் கஷ்டம் எனக்கு!"

கூட வந்த அவரோட ஆறு வயசுப் பொண்ணு புத்தகத்தை வயித்தோட அணைச்சுக்கிட்டா. "மாத்தாதப்பா. இது என் கரடி."

"சரி பாப்பா, இப்போ நீ கதை சொல்லு. நல்லா இருந்தா அப்பா மாத்த மாட்டார்"னாங்க கடைக்காரம்மா.

பில் போட நின்னவங்கல்லாம் திரும்பினாங்க. அதுல இவங்க கீழ் வீட்டு ஆன்ட்டியும் ஒருத்தங்க. மேனேஜருக்குப் பெருமை தாங்கல. மீசையைத் தடவிக்கிட்டார்.

பொண்ணு முதல் பக்கத்தைத் திறந்தா.

"இது அப்பா கரடி. இது குட்டி. குட்டி, 'கதை சொல்லு'ங்குது. அப்பா கரடி, 'ஒரே நிமிஷம், ஆபீஸ் வேலை'ன்னு குகைக்குள்ள போயிடுச்சு."

"போயி?"ன்னு கேட்டாங்க கடைக்காரம்மா.

"சிரிக்குது. கெக்கெக்கேன்னு."

மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடிச்சார். "ஆபீஸ் வேலைக்கு எவனாவது சிரிப்பானா? டுபாக்கூர் கரடி!"

கடையே சிரிச்சுது.

"குட்டி, 'வர்றியா?'ன்னு கேக்குது. அது 'இதோ'ங்குது. குட்டி மறுபடி கேக்குது. மறுபடி 'இதோ'ங்குது. அப்புறம் குட்டி தலையணைக்குக் கதை சொல்லித் தூங்க வெச்சுட்டு, தானும் தூங்கிடுச்சு."

யாரோ உச்சுக் கொட்டினாங்க. மேனேஜருக்கு நிஜமாவே கோபம் வந்துடுச்சு.

"பெத்தா மட்டும் போதுமா? பச்சைப் புள்ளையைக் காக்க வெச்சுட்டு உள்ள என்னய்யா கும்மாளம்? இந்த மாதிரி அப்பனையெல்லாம் நாலு பேர் நடுவுல நிக்க வெச்சுக் கேக்கணும்!"

எல்லாரும் தலையாட்டினாங்க. பொண்ணு மட்டும் அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா.

"மாத்த வேணாம்மா, புத்தகம் இருக்கட்டும். என்ன கற்பனை பார்த்தீங்களா! எல்லாம் என் ரத்தம்!"

கீழ் வீட்டு ஆன்ட்டிக்கு அதுக்கு மேல பொறுக்கல.

"கற்பனையா? தம்பி, ராத்திரியானா நீங்க பாத்ரூம்ல போனைப் பார்த்துச் சிரிக்கிற சத்தம், குழாய் வழியா எங்க சமையல்கட்டு வரைக்கும் கேக்குது!"